தடம் விழாத கட்டு

பெருமாநல்லூர் ரோட்டில் உள்ள ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேஜையில் இந்த 2009-ல் ஆஷா நின்றுகொண்டிருக்கிறாள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அவள் பார்த்து வைத்த பீஸை சூப்பர்வைசர் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. கூட வேலை செய்யும் பெண்கள் அவளை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த வேலையை ஏன் விட்டீர்கள் என்று யாராவது கேட்டால் முட்டி வலி என்பாள். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலைக்கு முட்டி வலிக்காரி எதற்கு வந்தாள் என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை. திருப்பூரில் அவரவர் மேஜையில் அவரவருக்கு ஆயிரம் பீஸ் குவிந்து கிடக்கிறது, அடுத்தவர் முட்டியைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது.

அதற்கு முன் ஏழு வருஷம் அவள் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் சாயர்புரம். பாளையங்கோட்டையில் அதற்கென்றே உள்ள பட்டயப் படிப்பைப் படித்தாள். கட்டிங் மாஸ்டர் ராபினைக் கல்யாணம் செய்துகொண்டு திருப்பூர் வந்தாள். வந்த இடத்தில் அவள் படிப்புக்கு ஒரு வேலை காத்திருந்தது ஆச்சரியம்தான். ஈஸ்வரமூர்த்தி என்ற கம்பெனி முதலாளிக்குப் பேச்சு வராத ஒரே மகள் இருந்து, பதினாறு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அந்த மகள் நினைவாகத் தன் பழைய குடோனுக்கு வெள்ளையடித்து, தரையில் பாய் விரித்து, அவர் ஒரு பள்ளி ஆரம்பித்திருந்தார். நல்ல மனுஷன். எந்தப் பிள்ளையைக் கண்டாலும் குனிந்து "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்காமல் போகமாட்டார். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவர் இருந்திருந்தால் சொல்வதற்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

பள்ளி என்றால் மற்ற பள்ளி மாதிரி இல்லை. கம்பெனி ஷிப்டுதான் அதற்கும் நேரம். காலை எட்டரைக்குச் சங்கு ஊதும்போது பிள்ளைகள் வேனில் வந்து இறங்க வேண்டும், மாலை ஐந்தரைக்கு மறுபடி ஏற வேண்டும். இடையில் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் டீ. பெற்றவர்கள் எல்லாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள், மூன்று மணிக்குப் பிள்ளையை வீட்டில் கொண்டுபோய் விட்டால் பூட்டிய கதவிடம்தான் விட வேண்டும். ஈஸ்வரமூர்த்தி யோசித்துத்தான் அப்படி வைத்தார். பிள்ளைகளைப் பார்ப்பது மிஷினைப் பார்ப்பது மாதிரி ஒன்பது மணி நேரம் இழுக்கிற வேலையா என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவர் வாழ்நாளில் பார்த்த வேலை எல்லாமே அப்படிப்பட்டதுதான்.

ஆரம்பத்தில் பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், காளியாத்தாள் என்ற ஆயா. இன்னொரு டீச்சர் குன்னத்தூர்க்காரன் மகுடேஸ்வரன். சிரித்த முகம், நல்ல கைராசி, கத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டு அமர்த்திவிடுவான். ஆஷாவும் அவனும் சேர்ந்து அந்தக் குடோனை ஒரு மாதிரி பள்ளியாக்கினார்கள். தானாகச் சோறு அள்ளிச் சாப்பிடாத ஆறு பேரைச் சாப்பிட வைத்தார்கள். அந்த நாட்களில் ஆஷா சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும், இனி அதற்கு இடம் வராது.

நதியா வந்தது 2004-ல். வந்தது என்பதைவிட ஆஷா போய் எடுத்து வந்தாள் என்பதுதான் சரி. காளியாத்தாள் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், பத்து வீடு ஒரே வரிசையாக, ஒரே கக்கூஸுக்கு வரிசை நிற்கிற லைன் வீடு ஒன்றில், பூட்டிய அறைக்குள் ஒரு பிள்ளை பகல் பூராவும் கத்துகிறது என்று காளியாத்தாள் சொன்னாள். ஆஷா ஒரு மத்தியானம் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஏழு வயசுப் பெண் பிள்ளை. ஒரு தட்டு, ஒரு தண்ணீர்ச் சொம்பு. பழைய நைலக்ஸ் சேலையைக் கிழித்துக் கணுக்காலில் சுற்றி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது.

ஆஷா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். ஷிப்டு முடிந்து தாய் வெள்ளையம்மாள் வந்தபோது மணி ஆறு. தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசி. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். புருஷன் ராமர் லாரிக்குக் கிளீனராகப் போனவன் போனவன்தான், திரும்பவில்லை.

"என்ன வெள்ளையம்மா இது, மாட்டையா கட்டிப் போட்டிருக்கீங்க? மாட்டுக்காவது மத்தியானம் ஒருக்கா தண்ணி காட்டுவாங்க."

"கதவத் தெறந்து விட்டா ரோட்டுக்கு ஓடிருது டீச்சர். ரெண்டு தடவ லாரிக்காரன் பிரேக்கப் போட்டுக் காப்பாத்திருக்கான். பூட்டி மட்டும் வச்சா செவுத்துல மண்டைய மோதிக்கிருது. நான் வேலைக்குப் போகாம என்ன செய்யச் சொல்றீக?"

பதில் இல்லாததால் இன்னும் அதிகமாகத் திட்டினாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது, படித்த படிப்பு சூடு ஆறாமல் இருந்தது. பிள்ளையின் காலைத் தூக்கிக் கணுக்காலில் பட்டை பட்டையாகத் தடித்துக் கறுத்திருந்த தடத்தைத் தாய்க்குக் காட்டினாள். பெத்தவ செய்யுற வேலையா இது என்று கேட்டாள். லைன் வீட்டுப் பெண்கள் பத்துப் பேரும் நின்று பார்த்தார்கள். வெள்ளையம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"நாளைக்கு வேன் வரும், ஏத்தி விடுங்க. நான் பாத்துக்கிடுதேன். ஆனா இனிமே கட்ட மாட்டேன்னு பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

ஆஷா சர்ச்சுக்குப் போகிறவள். சத்தியமே பண்ணக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஆனால் வெள்ளையம்மாளுக்கு எது உறைக்கும் என்று அவளுக்குத் தெரியும், தெக்கத்திக்காரியை இன்னொரு தெக்கத்திக்காரிக்குத் தெரியாதா. வெள்ளையம்மாள் கையை மகள் உச்சியில் வைத்து அடித்து, இனி கட்ட மாட்டேன் என்றாள். அந்தச் சத்தியத்தை மீறினால் பிள்ளை உயிருக்கு ஆகாது என்பதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நதியாவைப் பாயில் உட்கார வைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஓடுவதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறொன்றும் தெரியாது, கதவு எங்கே திறந்திருக்கிறது என்பது மட்டும் முதுகுக்குப் பின்னால்கூடத் தெரியும். முதலில் ஆஷா அவள் இடுப்பில் கை போட்டுக்கொண்டே நடந்தாள். பிறகு கையைப் பிடித்து, பிறகு இரண்டு விரலை மட்டும் பிடித்து. கம்பெனியில் நூல் தீர்ந்து வருகிற காலி அட்டைக் கோன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது நதியாவுக்குப் பிடித்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கவே நாலு மாதம். முதல் தடவை அவள் நாலு நிமிஷம் உட்கார்ந்து அடுக்கியபோது மகுடேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான், ஆஷா அழுதுவிட்டாள். பிறகு பத்து நிமிஷம், அப்புறம் இருபது. வெள்ளையம்மாள் ஞாயிற்றுக்கிழமை ஆஷா வீட்டைத் தேடி வந்து மகளின் கணுக்காலைக் காட்டினாள். தடம் மங்கியிருந்தது. "சத்தியத்தக் காப்பாத்திட்டேன் டீச்சர்" என்றாள். அதன் பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் அதையே சொல்வாள், ரசீதுச் சீட்டைக் காட்டுகிற மாதிரி.

2006-ல் மகுடேஸ்வரன் போனான். ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் வேலை. இங்கிலீஷில் நாலு வரி மெயில் எழுதத் தெரிந்த எவனையும் அந்த வருஷங்களில் திருப்பூர் சும்மா விட்டு வைக்கவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது, அவனுக்கும் தங்கச்சி கல்யாணம் இருந்தது. போகும்போது ஆஷாவின் முகத்தைப் பார்க்காமல் போனான். அவன் இடத்துக்கு வந்த ஒருத்தி மூன்று மாதம் இருந்தாள், அடுத்து வந்தவள் மூன்று நாள், அதற்கடுத்து வந்தவள் மத்தியானச் சோற்றோடு கிளம்பிவிட்டாள்.

டீச்சர் குறையக் குறையப் பிள்ளைகள் கூடினார்கள். வாசலில் ஒரு தாய் பிள்ளையோடு வந்து நின்றால் இல்லையென்று சொல்ல ஈஸ்வரமூர்த்திக்கு வாய் வராது. பன்னிரண்டு பதினாறாகி, பத்தொன்பதாகி, இருபத்திரண்டில் வந்து நின்றது.

ஆஷா அவர் ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேட்டாள். போகும் முன் இரண்டு நாள் மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டுதான் போனாள்.

"சார், என்னால முடியல. இன்னும் ரெண்டு டீச்சர் வேணும். இல்லன்னா பிள்ளைங்களக் கொறைக்கணும்."

"நானும் பேப்பர்ல குடுத்துப் பாத்துட்டனுங்க டீச்சர். ஒருத்தரும் வர மாட்டீங்கறாங்க. பத்தாவது படிச்ச புள்ளயக் கூப்பிட்டாக்கூட நான் கம்பெனில செக்கிங்குக்கே போறேன்னு சொல்லுதுங்க. அதுக்குன்னு வாசல்ல வந்து நிக்கற புள்ளைய எப்புடீங்க வேண்டாங்கறது? பாவமுங்க." பிறகு தணிந்த குரலில், "உங்க பொறுமை யாருக்குங்க வரும்? நீங்க இருக்கறப்ப எனக்கென்னங்க கவலை" என்றார். மறு வாரம் பள்ளிக்கு ஒரு தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் வந்தது.

பொறுமை. அந்த ஒரு சொல்லை வைத்து அவளை எல்லோரும் சேர்ந்து கட்டிப் போட்டார்கள். வேன் டிரைவர் சொல்வான், சரக்கு வாங்க வந்த இடத்தில் பள்ளியையும் பார்க்க வருகிற வெள்ளைக்கார பையர் கைகுலுக்கிக்கொண்டே சொல்வார், ஏதோ ஒரு சங்கம் பொன்னாடை போர்த்திச் சொன்னது, சர்ச்சில் பாஸ்டரம்மா சொன்னார்கள். பனியன் தைக்கிற மிஷினுக்கு வாரம் ஒரு நாள் எண்ணெய் விடாமல் ஓட்டினால் நின்றுபோகும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆஷாவுக்குப் பொறுமை என்று ஒன்று இருக்கிறதாம், அது எண்ணெய் இல்லாமலே ஓடுமாம்.

அது ஓடவில்லை. தொண்டை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் திறக்கவில்லை. முழங்கைக்குக் கீழே பிள்ளைகள் கடித்த தழும்பு ஏழு. பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கும் இடம் தாண்டிப் போய்விடுவாள். வீட்டில் ஆறு வயது மகள் சடை பின்னிவிடச் சொல்லிப் பக்கத்தில் வந்து ஒட்டினால், "தொடாத, தள்ளிப் போ" என்பாள். தன்மேல் இன்னொரு கை படுவதையே தாங்க முடியாமல் போயிற்று. அந்தக் குழந்தை ராபினிடம் போய்ப் பின்னிக்கொள்ளப் பழகியது. கட்டிங் மாஸ்டர் கை என்பதால் சடை நேராகத்தான் வந்தது.

"விட்டுரு ஆஷா" என்றான் ராபின். "எங்க கம்பெனியிலயே செக்கிங்ல ஆள் கேக்காங்க. நான் சொன்னா நாளைக்கே எடுத்துக்கிடுவாங்க. நீ இப்பம் ஆளே இல்ல. வெறும் கூடு."

"நான் வந்துட்டா அந்த நதியாவ யாரு பாப்பா? புதுசா வாறவ ஒரு நாள்ல வேணாம்னு அனுப்பிருவா. வெள்ளையம்மா மறுபடி ஜன்னல்ல கட்டிருவா."

"மத்த இருபத்தொரு பிள்ளைக?"

மற்ற இருபத்தொரு பேரின் முகமும் ஆஷாவுக்கு அப்போதே கலங்கிப் போயிருந்தது. அந்த ஒரு பிள்ளையின் கால் கட்டில்லாமல் இருக்க வேண்டும். இத்தனை வருஷம் செய்ததில் செய்ததாகச் சொல்லிக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது போனால் எல்லாம் வீண். அதற்காக மட்டும் தினமும் எட்டரைச் சங்குக்கு அவள் போய் நின்றாள்.

2007 பங்குனியில் பெருமாநல்லூர்க் கோவிலில் குண்டம், தீ மிதிக்கிற திருவிழா. காளியாத்தாள் பூ மிதிக்க விரதம் இருந்து லீவு போட்டிருந்தாள். அம்மனுக்கு லீவு போடுகிறவளை யார் தடுப்பது. ஆஷா தனியாக இருபத்திரண்டு பேரோடு இருந்தாள். டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பதினாலு வயது முனீஸுக்கு வலிப்பு வந்தது. அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலையைத் தாங்கியபோது, வேன் டிரைவர் கேட்டைச் சாத்தாமல் போயிருப்பது அவள் கண்ணில் பட்டது. அவள் பார்ப்பதற்கு முன்பே நதியா பார்த்துவிட்டாள். கோன்கள் உருண்டன. ஆஷா முனீஸின் தலையைப் பாயில் விட்டுவிட்டு ஓடி, கேட்டுக்கு இரண்டடி முன்னால் நதியாவைப் பிடித்தாள். வெளியே சரக்கு லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயிற்று. உள்ளே முனீஸ் தரையில் உதைத்துக்கொண்டிருந்தான்.

பொம்மை செய்ய வைத்திருந்த வேஸ்ட் துணிச் சாக்கு பக்கத்தில் இருந்தது. கையை விட்டதும் வந்தது ஒரு ரிப் துணி, பனியனுக்குக் கழுத்துப் பட்டையாக வைக்கிற இழுவைத் துணி. அதை நதியாவின் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு முனீஸிடம் ஓடினாள். கால் மணி நேரம். அன்றைக்கு அவள் செய்ததை எந்தக் கோர்ட்டும் குற்றம் என்று சொல்லாது.

மறுநாள் வலிப்பு யாருக்கும் வரவில்லை. கேட் சாத்தியிருந்தது. நாலு பிள்ளைகளை வரிசையாகக் கக்கூஸுக்குக் கூட்டிப் போய்க் கழுவி விட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஐந்து நிமிஷம் என்று சொல்லிக்கொண்டு ஆஷா அந்தத் துணியைத் தேடி எடுத்தாள்.

ஐந்து நிமிஷம் அரை மணியாயிற்று. பிறகு பதினொரு மணி டீயிலிருந்து சாப்பாடு வரை. பிறகு சாப்பாட்டுக்கு அப்புறமும். நதியா முதல் வாரம் இழுத்து அழுதாள், இரண்டாம் வாரம் இழுக்காமல் அழுதாள், அதன் பிறகு அழவில்லை. கோன்கள் மூலையில் தூசி பிடித்தன. ஒரு கையால் அவற்றை அடுக்க முடியாது. ஆஷா நல்ல மெத்தென்ற ரிப்பாகப் பார்த்துச் சாக்கிலிருந்து பொறுக்கி வைத்துக்கொண்டாள். ரிப் இழுத்தால் கொடுக்கும், தோலை அறுக்காது, தடம் விழாது. தடம் விழக் கூடாது என்று துணி பொறுக்கியவளுக்குத் தான் செய்வது என்ன என்று தெரியாமலா இருந்திருக்கும். ஐந்தரைச் சங்குக்குப் பத்து நிமிஷம் முன்னால் அவிழ்த்து, மணிக்கட்டைத் தேய்த்துவிட்டு, முகம் கழுவிப் பவுடர் போட்டு வேனில் ஏற்றுவாள்.

லீவு முடிந்து வந்த அன்றைக்கே காளியாத்தாள் பார்த்தாள். "உடுங்க அம்முணி, இதுக்கு எதுக்கு மூஞ்சிய அப்படி வச்சுக்கறீங்க" என்றாள். "புள்ளைக்கும் பத்தரம். நீங்களும் ரண்டு வாய் தண்ணி குடிப்பீங்க." காளியாத்தாள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டுவதற்கு அந்தக் குடோனில் ஆள் இல்லை.

வேலையை விடு என்று ராபின் அதற்குப் பிறகும் சொன்னான். நான் வந்தா வெள்ளையம்மா பிள்ளயக் கட்டிருவா என்று ஆஷா அதற்குப் பிறகும் பதில் சொன்னாள். சொல்லும்போது குரல்கூட மாறவில்லை. மனுஷி இப்படி ஆக முடியுமா என்றால், ஆக முடியும். ஒரே நாளில் ஆவதில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் வெள்ளையம்மாள் வேலை செய்த கம்பெனியில் ஆர்டர் முடிந்து, அடுத்த துணி வந்து சேராமல், காலையிலேயே ஆட்களை அனுப்பிவிட்டார்கள். கிடைத்த பகலை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஒரு பொட்டலம் காரச்சேவு வாங்கிக்கொண்டு மகள் படிக்கிறதைப் பார்க்க வந்தாள். மூன்று வருஷத்தில் பகலில் பள்ளிக்கு வருவது அதுதான் முதல் தடவை. டிரைவர் கேட்டைத் திறந்துவிட்டான்.

பதினொரு மணி டீ முடிந்த நேரம். ஆஷா அலமாரியிலிருந்து ரிப் துணியை எடுத்துக்கொண்டு பாயைப் பார்த்துத் திரும்பினாள். அவள் கிட்டே போவதற்கு முன்பே நதியா எழுந்தாள். தானாக நடந்துபோய் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தாள். இடது கையை நீட்டி, மணிக்கட்டு மேலே தெரியும்படி திருப்பி வைத்துக்கொண்டாள். எழுத்துச் சொல்லிக் கொடுத்தும், பாட்டுச் சொல்லிக் கொடுத்தும், தண்ணீர் வேண்டும் என்று கை காட்டச் சொல்லிக் கொடுத்தும் கற்றுக்கொள்ளாத பிள்ளை, இதை யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டிருந்தாள்.

ஆஷா கட்டினாள். முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் வெள்ளையம்மாள் நின்றிருந்தாள்.

"வெள்ளையம்மா, இது இன்னைக்கு மட்டும்..." என்று ஆஷா ஆரம்பித்தாள். நீட்டியிருந்த அந்தக் கையைத் தாயும் பார்த்தாள் என்பதால் மேலே சொல்ல வரவில்லை. லைன் வீட்டு வாசலில் தான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் இப்போது திரும்பி வரும், வரட்டும் என்று நின்றாள். வந்தால் வாங்கிக்கொள்ளலாம். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம். உள்ளூர அவள் அதற்குத்தான் ஆசைப்பட்டாள்.

வெள்ளையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முடிச்சை இரண்டு விரலால் தள்ளி அடியில் தோலைப் பார்த்தாள். துணியை இழுத்து விட்டுப் பார்த்தாள், அது கொடுத்துத் திரும்பியது.

"தடமே விழல டீச்சர்" என்றாள். "இது ரிப்பா?"

ஆஷா தலையை ஆட்டினாள்.

"நான் சேலையில கட்டுனேன். அதான் அப்படிக் கறுத்துப் போச்சு. எனக்குத் தோணலயே. தெனமும் இந்தத் துணியத்தான் தைக்கிறேன்." அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முகம் அழுகிற முகமாக இல்லை, ரொம்ப நாள் தூக்கிய சுமையை இறக்கியவள் முகமாக இருந்தது. "மூணு வருசமா என்னையே பாவி பாவின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் டீச்சர். பெத்தவ செய்யுற வேலையான்னு நீங்க அன்னைக்குக் கேட்டீகள்ல. சோத்தத் தொட்டா அதுதான் ஞாபகத்துக்கு வரும். இம்புட்டுப் படிச்ச உங்களாலயே கட்டாமப் பாக்க முடியலன்னா, நான் பாவி இல்லல்ல டீச்சர்?"

"இல்ல" என்றாள் ஆஷா. அது ஒன்றுதான் அவளால் உண்மையாகச் சொல்ல முடிந்தது.

வெள்ளையம்மாள் காரச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து மகள் வாயில் ஊட்டினாள். ஊட்டிக்கொண்டே, ரொம்ப நாளாக யோசித்து வைத்த விஷயத்தைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள்.

"அப்ப நாளையில இருந்து அனுப்பல டீச்சர். எங்கிட்டுன்னாலும் கட்டித்தான்னா வீட்டுலயே கெடக்கட்டும். வேன்ல ஏறி எறங்கி அதுக்கும் அலைச்சல். நீங்களும் எத்தன பிள்ளையத்தான் பாப்பீக, ஒங்களப் பாத்தாலே பாவமா இருக்கு. எனக்கும் ஒண்ணரை ஷிப்டு வேல இருக்குன்னு சூப்பர்வைசர் கூப்பிட்டுக்கிட்டே இருக்கார். அஞ்சரைக்கு ஓடி வர வேண்டியது இல்லேன்னா பாத்துக்கிருவேன்."

ஒண்ணரை ஷிப்டு என்றால் காலை எட்டரையிலிருந்து இரவு எட்டரை. அறையில் ஒரு தட்டு, ஒரு சொம்பு. ஆஷா அதைக் கண்ணால் பார்த்தவள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இந்தத் துணியை இப்போதே அவிழ்த்து எறிகிறேன், இனிமேல் கட்டவே மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அவள் வாயைத் திறந்தாள். பின்னால் யாரோ ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்து அலறல் கேட்டது, காளியாத்தாள் ஓடினாள். கட்ட மாட்டேன் என்ற சொல் பொய்யாகத்தான் வெளியே வரும் என்று ஆஷாவுக்குத் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு டீச்சர்" என்றாள் வெள்ளையம்மாள். "நீங்க வாங்குன சத்தியம் அப்படியே நிக்குது. நானா மீறுனா பிள்ளைக்கு ஆகாது. வாங்குனவுக வாயால எடுத்து விட்டுருங்க."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, வெள்ளையம்மா."

"ஒங்களுக்கு ஆகாது. எனக்குப் பயமா இருக்கு. தலையில கைய வச்சு எடுத்துட்டேன்னு சொல்லிருங்க, போதும்."

நதியா காரச்சேவை மென்றுகொண்டிருந்தாள். ஆஷா குனிந்து அவள் உச்சியில் கையை வைத்தாள். எண்ணெய் தேய்த்து வாரிவிட்ட தலை சூடாக இருந்தது. "எடுத்துட்டேன்" என்றாள்.

வெள்ளையம்மாள் அவளைப் பார்த்துக் கும்பிட்டாள். முடிச்சை அவளே அவிழ்த்தாள். அவிழ்த்த துணியை மடித்து, "இத நான் எடுத்துக்கிடவா டீச்சர்" என்று கேட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். தாயும் மகளும் கேட்டைத் தாண்டிப் போனார்கள். நதியா ஓடவில்லை.

அன்றைக்குச் சாப்பாடு ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. எல்லோருக்கும் கை கழுவி விட்ட பிறகும் நேரம் மிச்சம் இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு ஆஷா தன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்து சாப்பிட்டாள், சோறு ருசித்தது. நாளைக்கும் இருபத்தொன்றுதான் என்று நினைத்தாள். தோளிலிருந்து எதுவோ இறங்கியது. சந்தோஷம்தான் அது, வேறு எந்தப் பேரும் அதற்குப் பொருந்தவில்லை. இன்னும் இரண்டு பேர் வராமல் நின்றால் சமாளித்துவிடலாம், மூன்று பேர் என்றால் நன்றாகவே இருக்கும் என்று தோன்றியது. தோன்றியதும் அவள் கண் பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் ஒவ்வொருவராகப் போயிற்று. யாருடைய அம்மா சொன்னால் கேட்பாள், யார் வீட்டில் பாட்டி இருக்கிறாள், யாரை நிறுத்தினால் கேள்வி வராது என்று பார்த்துக்கொண்டே வந்தது. முனீஸிடம் வந்து நின்றது.

டீச்சர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து முனீஸ் எழுந்து வந்தான்.